முதலில் உப்புக்கு வழி வை

ஷார்ஜா,
ஆவணி மாதம்.

அன்புத் தம்பி முருகேசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மருமகளும் பிள்ளைகளும் நலம். இங்கே வெயில் இன்னும் அடங்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகளைக் கீழே விளையாடக் கூட்டிப் போவதைத் தவிர வெளியே தலைகாட்ட முடிவதில்லை. மற்ற நேரமெல்லாம் உங்கள் நினைப்புதான். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து விடுகிறேன்.

கோமதி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே. குரலில் ஏதோ சரியில்லை என்று நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். போர் போட்டாய், 250 அடியில் தண்ணீர் பீறிட்டு வந்தது என்று போட்டோ அனுப்பின நீ, அந்தத் தண்ணீர் சவர் என்பதை மட்டும் ஏன்டா மறைத்தாய்? அக்கா திட்டுவாள் என்றா? திட்டத்தான் செய்வேன். ஆனால் முதல் நாளே சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வழியும் சொல்லியிருப்பேன். இப்போது சொட்டுநீர்க் குழாய்க்கு முன்பணம் கொடுத்தாயிற்று, இரண்டு ஏக்கருக்கு மிளகாய் நாற்றுக்குச் சொல்லியாயிற்று, மீதிப் பணத்துக்கு வளையலைக் கேட்கிறாய் என்று அவள் அழுகிறாள். "மதினி, மாடு குடிக்கிற தண்ணிதானே, செடி குடிக்காதா என்கிறார்" என்றாள். மாடு குடிக்கிற தண்ணீரெல்லாம் மிளகாய்க்கு ஆகாது, தம்பி. அந்தக் குழாய் விற்கிறவர் உனக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். மீட்டரை வைத்து உப்பளவு இ.சி. நாலு என்று எழுதிக் கொடுத்தவருக்கு, நாலு என்றால் என்ன என்று சொல்லத் தெரியாமலா போயிற்று?

பாலைவனத்தில் கடல் தண்ணீரில் விவசாயம் என்று ஒரு வீடியோ பார்த்தாயாமே. அது பொய் என்று சொல்ல மாட்டேன். உப்புத் தண்ணீரில் பயிர் வளரும். ஆனால் எந்தப் பயிர், எந்த மண், அந்த உப்பு கடைசியில் எங்கே போகிறது என்ற கேள்விகளை அந்த வீடியோ கேட்டிருக்காது. நீ கேட்க வேண்டும். ஆயுசு முழுக்க மண் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து ஊர் ஊராக வந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காத குறையாகச் சோதித்தவள் நான். கூடப் பிறந்த தம்பி நிலத்தைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

போன குளிர்காலத்தில் மருமகன் எங்களை அல் தைத் பக்கம் ஒரு பேரீச்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஷார்ஜாவின் விவசாயமெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். திருவாடானைப் பக்கத்துப் பையன் ஒருவன் அங்கே வேலை பார்க்கிறான். நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். தோட்டத்தைச் சுற்றிக் காட்டினான். ஒரு மரத்தடியில் குனிந்து பாத்தியைக் காண்பித்தான். மரத்தைச் சுற்றி நடுவில் மண் ஈரமாக, சுத்தமாக இருந்தது. பாத்தியின் விளிம்பில் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வட்டமாக ஒரு வெள்ளைக் கோடு. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்பு. "கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி விடணும் அம்மா, வேர்கிட்ட உப்பு நிக்கக் கூடாது, வெளிய தள்ளிக்கிட்டே இருக்கணும்" என்றான். படித்தவன் இல்லை அவன். ஆனால் இந்தத் தொழிலின் உயிர் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பாத்தியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்தேன். விரலிடுக்கில் நிற்காமல் ஓடியது. அத்தனையும் மணல். ஊற்றுகிற தண்ணீர் வேரைத் தொட்டுவிட்டு உப்பையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

இது புதுச் சங்கதியும் இல்லை. ஹ்யூகோ போய்க்கோ, எலிசபெத் போய்க்கோ என்று ஒரு கணவன் மனைவி. செங்கடல் ஓரத்து எய்லாத் நகரில் மணலில் தோட்டம் போட்டு, கடும் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சியே செடி வளர்த்துக் காட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த சில வருஷங்களில் தொடங்கிய வேலை அது. 1970களில் கலிஃபோர்னியாவில் இம்மானுவேல் எப்ஸ்டைன் என்ற விஞ்ஞானி கடலோர மணலில் பார்லியைக் கடல் தண்ணீரிலேயே வளர்த்துக் கதிர் எடுத்தார். இங்கே துபாயில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் 1999லிருந்து நடக்கிறது. கடல் தண்ணீரைக் குடிநீராக்கும்போது மிஞ்சுகிற கடும் உப்புக் கழிவு நீரை அவர்கள் மீன் தொட்டிக்கு விட்டு, அந்தத் தண்ணீரைச் சாலிகோர்னியா என்ற செடிக்குப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். சாலிகோர்னியா வேறொன்றுமில்லை, நம்ம கழிமுகத்து உமரிக்கு உறவு. அம்மாச்சி உமரிக் கீரை பறித்து வந்தால் கூட்டுக்கு உப்பே போட மாட்டாள், நினைவிருக்கிறதா?

இத்தனை பேர் சாதித்தது எல்லாம் மணலில், அல்லது உப்பைத் தாங்கவே பிறந்த செடியில். நம்ம நிலம் எது? அப்பா உழுத கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும், கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும். களி மண்ணடா அது. தண்ணீர் அதில் இறங்காது, நிற்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பேப்பரும் பென்சிலும் எடுத்து நீயே போட்டுப் பார். இ.சி. நாலு என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் இரண்டரை கிராம் உப்பு. கடல் தண்ணீரில் 35 கிராம், அதோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஒரு தடவை பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டர் ஆகிறது. அதில் 500 கிலோ உப்பு. பத்து மூட்டை உப்பை லாரியில் ஏற்றி வந்து உன் வயலில் கொட்டுகிறாய், ஒரே ஒரு பாய்ச்சலுக்கு! தண்ணீரைச் செடி குடிக்கும், வெயில் குடிக்கும். உப்பை யார் குடிப்பார்? ஒருவரும் இல்லை. அது அங்கேயே கிடக்கும். அடுத்த பாய்ச்சலில் இன்னும் பத்து மூட்டை. வாலிநோக்கத்தில் உப்பளம் பார்த்திருக்கிறாய் அல்லவா? களித்தரையில் பாத்தி கட்டி, உப்புத் தண்ணீரை நிறுத்தி, வெயிலுக்கு விட்டுவிடுகிறார்கள். நீ செய்யப்போவதும் அதுதான், நடுவில் மிளகாய்ச் செடி இருக்கும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்படி நிலம் இழந்தவர்கள் உலகத்தில் நிறைய. நாலாயிரம் வருஷத்துக்கும் முன்னால் இராக்கின் தெற்கே சுமேரியர்கள் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தார்கள். அவர்களுடைய களிமண் ஏடுகளைப் படித்த ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இருவர் 1958ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முதலில் கோதுமையும் பார்லியும் சரிபாதியாக விதைத்தவர்கள், போகப் போகக் கோதுமையைக் குறைத்து உப்பைத் தாங்குகிற பார்லிக்கே போய்விட்டார்கள், பிறகு பார்லி விளைச்சலும் விழுந்தது, உப்பு ஏறியதுதான் காரணம் என்று அதில் சொன்னார்கள். ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கே அந்தக் கதி. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் கண்மாய்க்குக் கீழே பெரியப்பா வயல் இருந்ததே, இறால் பண்ணைக்குப் பக்கத்தில். அதில் இன்று சீமைக்கருவேலைத் தவிர என்ன நிற்கிறது?

இன்னொரு விஷயம். இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது, நன்றாகக் கேட்டுக்கொள். உப்பில் சோடியம் என்று ஒன்று இருக்கிறது. சவருத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும்போது களிமண் சும்மா இருக்கிற மாதிரிதான் தெரியும். தண்ணீர் ஓரளவு இறங்கும். முதல் வருஷம் "அக்கா சொன்னது தப்பு, நிலம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று நினைப்பாய். ஐப்பசியில் நல்ல மழை பெய்யும். மழைத் தண்ணீரில் உப்பு கரைந்து போய்விடும், ஆனால் சோடியம் களித்துகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். உப்பு இருக்கிறவரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்த துகள்கள், அது போனதும் பிரிந்து குழம்பாகிவிடும். மேல் மண் பாளம் கட்டும். மழை பெய்தும் தண்ணீர் இறங்காமல் கலங்கலாய் நாள் கணக்கில் நிற்கும். காய்ந்தால் கடப்பாரை வேண்டும். உவர் நிலம் களர் நிலமாகிறது இப்படித்தான். உவரைக் கழுவிவிடலாம், களரைத் திருத்த வருஷங்கள் ஆகும். எத்தனை பேர் என் மேஜைக்கு முன்னால் மண் பையை வைத்துவிட்டு, "மழை பேஞ்சதுக்கப்புறம்தாம்மா கெட்டுப் போச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? மழை கெடுக்கவில்லை, அதற்கு முந்தின பாய்ச்சல்கள் கெடுத்ததை மழை காட்டிக்கொடுத்தது.

பயமுறுத்திவிட்டு விட்டுவிட மாட்டேன். நம்மிடம் ஒரு பெரிய வரம் இருக்கிறது. நான் இருக்கிற இந்த நாட்டில் வருஷம் முழுக்கப் பெய்தால் 100 மில்லிமீட்டர் மழை. ராமநாதபுரத்தை வறண்ட சீமை என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நமக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்டப் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். இவர்களுக்கு மணல் இருக்கிறது, கழுவ மழை இல்லை. நமக்கு மண் மோசம், கழுவ மழை இருக்கிறது. அந்த மழையை வயலை விட்டு ஓட விடாதே. வரப்பை உயர்த்தி ஒழுங்காகக் கட்டு. விழுகிற மழை நின்று இறங்கினால் ஒரு வருஷத்து உப்பில் கணிசமானதை அது கீழே தள்ளிவிடும். வயலின் தாழ்ந்த மூலையில் ஆழமாக ஒரு வடிகால் வெட்டு. மழையில் கரைகிற உப்பு போக வழி வேண்டும். வடிகாலுக்கு ஆகும் செலவைப் பார்த்து மலைக்காதே, சொட்டுநீருக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு அதுதான். கீழ் நிலத்துக்காரரிடமும் பேசிக்கொள். உன் உப்பை அவர் வயலில் இறக்கிவிட்டால் அது நியாயமில்லை.

ஒன்று நினைத்துப் பார். சின்ன வயதில் சித்திரை மாதம் ஊருணி வற்றினால் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டுவோமே. அலை அடிக்கிற இடத்துக்கு எத்தனை பக்கம்! ஆனாலும் நல்ல தண்ணீர் ஊறும். சிரட்டையால் மெதுவாக அள்ளிக் குடத்தில் ஊற்றுவோம். நீ அவசரப்பட்டு வாளியைப் போட்டு இறைத்தால் அம்மா தலையில் குட்டுவாள், "ஊத்து சவராப் போயிரும்டா" என்று. அம்மா சொன்னது முழுக்கச் சரி. மழைத் தண்ணீர் எடை குறைந்தது, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கும். கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். நீ 250 அடி போய் பெரிய மோட்டாரை இறக்கிச் சர்ரென்று இழுக்கிறாய். அடியில் இருப்பதைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறாய். இன்னும் ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் தயவு செய்து நம்பாதே, ஒரு பைசா கொடுக்காதே. அப்பா வெட்டின பழைய கிணறு தூர்ந்து கிடக்கிறதே, அதைத் தூர் வாரிப் பார். மேட்டில் இருக்கிறது, மேல் ஊற்று. சின்ன மோட்டார் வைத்துக் கொஞ்சம் இறை, நிறுத்து, ஊறட்டும், மறுபடி இறை. போரை மூடச் சொல்லவில்லை. இரண்டும் உனக்கு வேண்டும். எது எப்போது என்பதுதான் வித்தை.

மிளகாயை விட்டுவிடு. மனசு கேட்காது, தெரியும். நம்ம முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023ல் கிடைத்ததும் நீ எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினாய். எனக்கும் பெருமைதான். ஆனால் நம் ஆட்கள் அதை ஐப்பசி மழையை நம்பி விதைத்தவர்கள், ஊருணித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றினவர்கள். போர்த் தண்ணீரில் வளர்த்தவர்கள் இல்லை. மிளகாய் உப்புக்கு மிகவும் கூச்சப்படுகிற பயிர். பாய்ச்சுகிற தண்ணீர் இ.சி. ஒன்றைத் தாண்டினாலே விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். நாலில் பாதிக்கு மேல் போய்விடும். வேரடியில் உப்புத் தங்காமல் இருக்கக் கூடுதலாக எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதற்கு எங்கள் கூடத்தில் ஒரு சூத்திரம் வைத்திருந்தோம். பருத்திக்கு அதில் போட்டால், இ.சி. நாலு தண்ணீருக்கு, நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூடுதலாக விட்டால் போதும் என்று வருகிறது. மிளகாய்க்குப் போட்டால் நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. அப்படி வந்தால் என்ன அர்த்தம்? எத்தனை ஊற்றினாலும் முடியாது என்று அர்த்தம். பீன்ஸ், வெங்காயம் இரண்டும் மிளகாயைவிட இன்னும் மோசம், அந்தப் பக்கமே போகாதே. மழைக்கு முன்னால் அரை ஏக்கரில் வீட்டு மிளகாய் போட ஆசையென்றால் கிணற்றுத் தண்ணீரில் போடு. போர்த் தண்ணீர் ஒரு சொட்டு அதில் படக்கூடாது.

பருத்தி போடு, சோளம் போடு. இரண்டும் இ.சி. நாலைத் தாங்கும், பருத்தி ஐந்து வரைக்கும் போகும். மாட்டுக்குக் கொழுக்கட்டைப்புல் போடு. இங்கே நிறையத் தண்ணீர் குடிக்கிற ரோட்ஸ் புல்லுக்குப் பதிலாக அதைப் பரிந்துரைக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம்ம புறம்போக்கில் கேட்பாரற்றுக் கிடக்கிற புல். வரப்போரமாக இலந்தையும் சப்போட்டாவும் வைக்கலாம், சவர் தாங்கும். இருக்கிற பனையில் ஒன்றைக்கூட வெட்டாதே, செங்கல் சூளைக்காரர் என்ன விலை சொன்னாலும்.

விதைக்கும்போது கவனமாக இரு. உப்பைத் தாங்குகிற பயிரும் முளைக்கும்போது தாங்காது, அப்போது அது பிறந்த குழந்தை. பருத்தியானாலும் முளைப்புக்கும் முதல் சில வாரத்துக்கும் கிணற்றுத் தண்ணீரோ பண்ணைக் குட்டைத் தண்ணீரோ கொடு. வேர் பிடித்த பிறகு போர்த் தண்ணீருக்கு மாறு. இரண்டையும் தொட்டியில் கலந்து விடலாமே என்று உனக்குத் தோன்றும். கலக்காதே. நல்ல தண்ணீரைக் கலந்து கெடுப்பதைவிட, தேவைப்படுகிற நேரத்துக்கு அதைத் தனியாக வைத்துக்கொள்வதே மேல். கரைகட்டி வாய்க்காலில் விடுகிறாய் என்றால் விதையைக் கரையின் உச்சியில் ஊன்றாதே, பக்கவாட்டில் ஊன்று. ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பு முழுக்க உச்சியில்தான் போய்ச் சேரும். காய விட்டுப் பாய்ச்சுகிற பழக்கத்தையும் விடு. மண்ணில் உள்ள ஈரம் பாதியாகக் குறைந்தால், இருக்கிற ஈரத்தில் உப்பு இரண்டு மடங்காகிவிடும். ஈரம் இருந்தும் செடி மத்தியானத்தில் வாடினால், இலை கரும்பச்சையாகி நுனி கருகினால், மறுபடி தண்ணீர் காட்டுவதற்கு முன் உப்பை நினை.

சொட்டுநீருக்குக் கொடுத்த முன்பணம் வீண் போகவில்லை, அதைப் பருத்திக்கே வைத்துக்கொள். இலையில் படாமல் வேரில் சொட்டுவதால் சவருத் தண்ணீருக்கு அது நல்லது. ஆனால் ஒன்றை மறக்காதே: சொட்டுகிற இடத்தைச் சுற்றி ஈரத்தின் விளிம்பில் உப்பு வட்டம் கட்டி நிற்கும், நான் பேரீச்சைப் பாத்தியில் பார்த்த அதே வெள்ளைக் கோடு. லேசாகத் தூறல் போட்டால், "மழைதான் வருதே" என்று மோட்டாரை நிறுத்திவிடுவாய். அந்தத் தூறல் விளிம்பில் இருக்கும் உப்பை அப்படியே வேருக்குத் தள்ளிவிடும், ஒரே நாளில் வயல் சுருண்டுவிடும். தூறும்போது மோட்டாரை ஓட விடு. கனமழை வந்து நன்றாக நனைந்த பிறகு நிறுத்து. கேட்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஜிப்சம் வாங்கிப் போடச் சொல்கிறார்கள் என்றாளே கோமதி. இப்போதைக்கு வாங்காதே. வெறும் உவர் என்றால் ஜிப்சம் தேவையே இல்லை, கழுவினால் போதும். மண்ணிலோ தண்ணீரிலோ சோடியம் மிஞ்சினால்தான் ஜிப்சம். அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தைப் பெயர்த்து வெளியே அனுப்பும். எத்தனை மூட்டை என்பதைப் பரிசோதனை முடிவு சொல்லும், கடைக்காரர் அல்ல. தேவையென்று வந்தால் மழைக்கு முன்னால் போட்டு மேலாக உழுதுவிடு. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கிற சமயத்தில் மடக்கி உழுவதை மட்டும் யார் முடிவுக்கும் காத்திருக்காமல் செய்யலாம். களிமண் நெகிழ அதைப் போல ஒன்று இல்லை.

இனி நாளைக் காலையில் நீ செய்ய வேண்டியது. போர் மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்டு, பிறகு ஒரு லிட்டர் குடிதண்ணீர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, காற்று இல்லாமல் வாய்விளிம்புவரைக்கும் பிடி. பூச்சிமருந்து டப்பா, டானிக் பாட்டில் எதையும் எடுத்துப் போகாதே. டானிக் பாட்டிலில் கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பி அனுப்பி எனக்கு அலுத்துப் போயிருக்கிறது. பழைய கிணற்றுத் தண்ணீரையும் தனியாகப் பிடி. மண்ணுக்கு, வயலில் பல இடங்களில் மேல் அரையடி, அடுத்த அரையடி, அதற்குக் கீழே ஓரடி என்று மூன்று அடுக்காகத் தனித்தனியாக எடு. மேல் மண்ணை மட்டும் எடுத்தால் உப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாது. இ.சி. மட்டும் பார்த்துத் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. கார அமில நிலை, சோடியம் விகிதம், எஞ்சிய கார்பனேட் மூன்றும் வேண்டும் என்று கேள். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பஸ்ஸேறினால் போய்விடலாம். வாய் திறந்து கேள், சொல்லிக்கொடுப்பார்கள். நெல் போடுகிற எண்ணம் பின்னால் வந்தால் திருச்சி வேளாண் கல்லூரியில் களர் உவர் மண்ணுக்கென்றே உருவாக்கிய டி.ஆர்.ஒய். ரகங்கள் இருக்கின்றன, அதையும் ராமநாதபுரம் நிலையத்திலேயே விசாரி.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்றுக்காரரிடம் சொன்னதை ரத்து செய்துவிடு, முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அது போனால் போகட்டும். கோமதியின் வளையலைத் தொடாதே. வடிகாலுக்கும் கிணறு தூர் வாரவும் ஆகிற பணத்தை நான் அனுப்புகிறேன். கடன் என்றே வைத்துக்கொள், பருத்தி எடுத்த பிறகு கொடு. வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி வந்து நிலத்தில் இறங்கின முதல் ஆள் நம் தலைமுறையில் நீதான். எல்லோரும் விற்றுவிட்டுப் போகச் சொன்னபோது, "அப்பா நிலம், நான் விக்க மாட்டேன்" என்று சொன்னாயே, அன்றைக்கு அக்கா எத்தனை சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் இத்தனை எழுதுகிறேன். இந்த வருஷம் லாபம் வராவிட்டால் பரவாயில்லை. மண் கையை விட்டுப் போய்விடக் கூடாது.

பாப்பாவுக்குக் காலாண்டுப் பரீட்சை எப்போது? கணக்கில் பயப்படுகிறாள் என்றாள் கோமதி. அந்த ஏக்கருக்குப் பத்து மூட்டை உப்புக் கணக்கை அவளையே போடச் சொல், அப்பாவுக்கும் புரியும், அவளுக்கும் பயம் போகும். அம்மாவிடம் ஊற்றுத் தண்ணீர்க் கதையை எழுதியிருக்கிறேன் என்று சொல். கோமதியிடம் கடுகடுக்காதே, பாவம், உன்மேல் உள்ள அக்கறையில்தான் என்னிடம் சொன்னாள்.

பரிசோதனை முடிவு வந்த அன்றே தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எண்களைப் பார்த்துவிட்டு எத்தனை மூட்டை ஜிப்சம், எத்தனை நாளுக்கு ஒரு பாய்ச்சல் என்று நானே எழுதித் தருகிறேன். அதுவரைக்கும் போர்த் தண்ணீர் வயலில் ஏறக்கூடாது.

உன்மேல் உயிராயிருக்கும்
அக்கா